முதுகெலும்பும் முன்வினையும்

சுவிட்சர்லாந்து தேசத்தில் ஈழத் தமிழர் எழுப்பியிருக்கும் கோயில்களில், அது சூரிச் நகரத்தை அடுத்த அட்லிஸ்வில் சிவசுப்பிரமணியர் கோயிலாயினும் சரி, ஓல்டன் நகரத்துக்கு அருகே டிறிம்பாக் என்னும் ஊரில் உள்ள மனோன்மணி அம்பாள் கோயிலாயினும் சரி, திருவிழாக் காலத்தில் அடியார் கூட்டத்தை ஊன்றிக் கவனிக்கிறவர்களுக்கு, பக்தியின் பாரத்தை மனித சரீரத்தில் முதன்முதலாகத் தாங்குவது முதுகுதான் என்பது விளங்காமற் போகாது. முதுகுத் தோலில் செடில் குத்திக்கொண்டு காவடி ஆடுகிறவர்கள் ஆடவர்கள். ஈழத்துச் சைவ வழக்கின்படி வீதியிலே உருண்டு அங்கப் பிரதட்சணம் செய்கிறவர்களும் அவர்களே. பெண்கள் கற்பூரச் சட்டியோ பாற்குடமோ ஏந்தி வருகிறார்கள். அவர்களுள் நேர்த்தி வைத்தவர்கள் அடியழிக்கிறார்கள், அதாவது சில அடி நடந்து, முழந்தாளிட்டுக் குனிந்து, நெற்றி நிலத்திற் படும்படி வணங்கி எழுந்து, மறுபடியும் சில அடி நடந்து, வீதி முழுவதையும் இவ்வாறே குனிந்தும் நிமிர்ந்தும் கடக்கிறார்கள். ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையில் வகுத்த விதியும் இதற்கு இசைந்ததே. ஆடவர்க்கு எட்டு உறுப்புகளும் நிலந்தோயும் அட்டாங்க நமஸ்காரம். பெண்டிர்க்கு ஐந்து உறுப்புகள் மாத்திரம் தோயும் பஞ்சாங்க நமஸ்காரம்.

கருவைத் தாங்கும் வயிறும் பாலூட்டும் மார்பும் மண்ணில் அழுந்தலாகாது என்பது இதற்குப் பெரியோர் சொல்லும் காரணம். அதை நான் மறுக்க வரவில்லை. ஆயினும், உயிருக்கு ஆண் பெண் என்ற பேதமே கிடையாது என்று சாதிக்கும் ஒரு சமயம், அந்த உயிர் இறைவனை வணங்குகிற வேளையில் மாத்திரம் உடம்பின் பேதத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுமாயின், வணங்கி எழுந்த பின் அந்த உடம்பில் உண்டாகும் நோவைப் பற்றியும் அது ஏதாவது சொல்லக் கடமைப்பட்டதாகும். நோவு ஆணுக்கு ஒரு விதமாகவும் பெண்ணுக்கு வேறு விதமாகவும் வகுக்கப்பட்டிருக்கிறதா? அப்படியானால் அந்தப் பங்கீட்டைச் செய்தது வினையா, எலும்பா, அல்லது நாம் இருபாலாருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கும் வேலையா? இதுவே இங்கு என் விசாரம்.

1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் இந்நாட்டில் வந்து அடைக்கலம் புகுந்த தமிழருள் மிகப் பலருக்கு முதலில் வாய்த்த இடம் உணவகத்தின் சமையலறை. பாத்திரம் கழுவும் தொட்டியின் முன்னே குனிந்து நின்று தொடங்கிய வாழ்க்கை அது. பின்னர்ப் பெண்களும் உழைக்கப் புறப்பட்டபோது, அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலையும் முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலையும் அவர்களுக்குக் கிடைத்தன. அத்தகைய இல்லம் ஒன்றில் விடியற்காலையில் நடப்பதைச் சற்று அருகே நின்று பார்ப்போம். கட்டிலிற் கிடக்கும் கிழவர் எண்பது கிலோவுக்குக் குறையாதவர். அவரைப் பக்கவாட்டில் புரட்டி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, தோளுக்குப் பின்னால் கையைக் கொடுத்து உட்காரவைத்து, தன் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து எழுப்பி, அரைவட்டமாகத் திருப்பிச் சக்கர நாற்காலியில் அமர்த்த வேண்டும். ஆளைத் தூக்குவதற்கென்று பொறி உண்டு. ஆனால் அதை அடுத்த அறையிலிருந்து தள்ளிக்கொண்டு வருகிற நேரத்தில் இன்னும் ஒருவரை எழுப்பிவிடலாம். மாலையில் வீடு திரும்பும் அம்மையார் இடுப்பிற் கையை ஊன்றிக்கொண்டு, "நாரி நோகுது" என்கிறார். முப்பது வருஷம் மாமூட்டை இறக்கிய அவருடைய கணவர் ஒன்றும் சொல்வதில்லை; நாற்காலியை விட்டு எழும்பும்போது மாத்திரம் மேசை விளிம்பைப் பற்றிக்கொள்கிறார்.

இவர்கள் இருவருள் யாருடைய முதுகெலும்பு அதிகம் தேய்ந்திருக்கும், யாருக்கு நோவு அதிகம் இருக்கும் என்னும் இரண்டு கேள்விகளும் கேட்பதற்கு ஒன்று போலவே தோன்றும். அவை ஒன்றல்ல என்பதை மருத்துவ சாஸ்திரம் காட்டியிருக்கிறது.

டிஸ்க் என்று இக்காலத்தில் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்ட இடைத்தட்டு, முள்ளெலும்புகளின் நடுவே அமைந்த ஓர் அதிசயமான சிருஷ்டி. மனிதனுக்கு அவை 23 உண்டு. வெளியே நார்களாலான வளையம். உள்ளே நீர் நிறைந்த கூழ். பகலெல்லாம் உடலின் பாரத்தால் நீரை இழந்து, இரவில் படுத்திருக்கும்போது அதை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. காலையில் நாம் மாலையைவிடச் சிறிது உயரமாயிருப்பதற்கு அதுவே காரணம். வளர்ந்த மனிதனின் சரீரத்தில் இரத்தக் குழாய் ஓடாத பாகங்களுள் இதுவே மிகப் பெரிது. மேலும் கீழும் உள்ள எலும்புகளிலிருந்து கசிந்துவரும் சத்தைக் கொண்டே இது ஜீவிக்கிறது. மில்லர், ஷ்மாட்ஸ், ஷுல்ட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர், இறந்தோர் உடல்களிலிருந்து எடுக்கப்பட்ட 600 இடைத்தட்டுகளைப் பற்றிய விவரங்களை ஒன்றுசேர்த்து 1988இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆண்களின் தட்டுகள் பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட வயதிலேயே தேயத் தொடங்குகின்றன என்றும், பெண்களுக்கு அந்தத் தேய்வு ஏறக்குறைய பத்து வருஷம் பிந்தித் தொடங்குகிறது என்றும் கண்டார்கள். ஆணின் முதுகு சுமக்கும் பாரம் அதிகம். அவன் தட்டு அளவிற் பெரிதாகையால் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சத்து செல்ல வேண்டிய தூரமும் அதிகம். இவையிரண்டும் காரணமாகலாம் என்பது அவர்கள் யூகம். இந்த முந்துரிமை ஆணுக்கு என்றென்றும் நிலைப்பதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணின் தட்டுகள் வேகமாகத் தேய்ந்து, முதுமையில் ஆணையும் மிஞ்சிவிடுகின்றன. தேய்வினால் ஒரு முள்ளெலும்பு அடுத்ததன்மேல் முன்னோக்கி வழுகும் நோயும் பெண்களுக்கே பல மடங்கு அதிகம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னோர் உண்மை உண்டு. 2007ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின்படி, ஆணின் இடுப்புப் பகுதியில் பின்புறம் குறுகி ஆப்பு வடிவாக அமைந்த முள்ளெலும்புகள் இரண்டென்றால், பெண்ணுக்கு அவை மூன்று. கருவுற்ற தாயின் பாரம் முன்னே சாயும்போது, அவள் தடுமாறாமல் பின்னே வளைந்து நிற்பதற்கு இந்த அமைப்பு உதவுகிறது. ஆப்பிரிக்காவிற் கிடைத்த, லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முந்திய மானிட மூதாதையின் எலும்புகளிலும் இந்த வேறுபாடு காணப்படுகிறதாம். பெண்ணின் முதுகு பலவீனமானது என்று பேசுகிறவர்கள், அது ஆணின் முதுகுக்கு விதிக்கப்படாத ஒரு தொழிலுக்கென்று தனியே திட்டம் செய்யப்பட்டது என்பதை அறிந்துகொண்டு பேசுவது நலம்.

நோவின் கணக்கோ முற்றிலும் வேறாக இருக்கிறது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் வருந்தினார்கள் என்று ஒரு பெரிய சர்வதேசக் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. எல்லா வயதிலும் பெண்களே ஆண்களைவிட அதிகம். ஆகவே, வாலிபத்திலும் நடுவயதிலும் தட்டு முதலில் தேய்வது ஆணுக்கு. நோவு மிகுவது பெண்ணுக்கு. இது போதாதென்று, 1994இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் நூற்றுக்கு 64 பேருக்கு ஏதாவது ஒரு தட்டிலாவது கோளாறு காணப்பட்டது. தருக்க நூலார் மொழியிற் சொன்னால், புகை கண்ட மலையிலெல்லாம் நெருப்பில்லை; நெருப்புள்ள மலையிலெல்லாம் புகையுமில்லை. தேய்வைக் கண்டு நோவை அனுமானிக்கும் வழி அடைபட்டுப்போகிறது.

சமயவாதிகள் எலும்பைப் பற்றி வாதம் செய்தது புதிதன்று. சமணருள் திகம்பரர், மோட்சத்துக்கு வழியாகிய உச்சநிலைத் தியானத்துக்கு வஜ்ர விருஷப நாராச சம்ஹனனம் என்று அவர்கள் சொல்லும் அதிதிடமான எலும்பு மூட்டமைப்பு வேண்டும் என்றும், அது பெண்ணுடலுக்கு இல்லை என்றும், ஆதலால் பெண் அந்தப் பிறவியிலேயே வீடடைய முடியாது என்றும் வாதித்தார்கள். சுவேதாம்பரர் இதை ஏற்கவில்லை. பத்தொன்பதாம் தீர்த்தங்கரராகிய மல்லி பெண்ணே என்பது அவர்கள் கொள்கை. ஒன்பதாம் நூற்றாண்டில் யாபனீய சங்கம் என்னும் சமணப் பிரிவைச் சேர்ந்த சாகடாயனர், பெண்களுக்கும் மோட்சம் உண்டு என்பதை நிறுவத் தனி நூலே செய்தார். முதலில் தேய்வது ஆண்மகன் முதுகெலும்பே என்பது அக்காலத்தில் தெரிந்திருக்குமாயின் அந்த வாதம் எந்தத் திசையில் திரும்பியிருக்குமோ என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு சிறு குறும்பு உண்டு.

இந்த விஷயத்தில் சுவிட்சர்லாந்துக்கும் ஒரு கதை உண்டு. பிரசல்ஸ் நகரத்திற் பிறந்து பதுவா சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த வெசாலியுஸ், மனித உடலின் அமைப்பைப் பற்றிய தம் மகத்தான நூலை அச்சிடுவதற்காக 1543இல் பாசல் நகரத்துக்கு வந்தார். அங்கே யாக்கோப் கார்ரர் என்னும் மரண தண்டனைக் கைதி ஒருவனுடைய உடலை அறுத்து ஆராய்ந்து, எலும்புகளைக் கோத்து நிறுத்திச் சர்வகலாசாலைக்கு அளித்தார். அந்த எலும்புக்கூடு, அத்தகைய தயாரிப்புகளுள் உலகத்திலேயே மிகப் பழையதாக, பாசல் உடற்கூற்று அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. ஆதாமின் விலா எலும்பை எடுத்து ஏவாளைப் படைத்ததாக ஆதியாகமம் சொல்வதைக் கொண்டு, ஆண்களுக்கு ஒரு விலா எலும்பு குறைவு என்று அக்காலத்துப் பாமரர் நம்பியிருந்தனர். வெசாலியுஸ் தம் நூலில் அதை நகைத்துத் தள்ளி, இருபாலாருக்கும் பக்கத்துக்குப் பன்னிரண்டு என்று எழுதினார். எண்ணிப் பார்த்தால் தீர்ந்துவிடக்கூடிய சந்தேகத்தை எண்ணாமலே நூற்றாண்டுகள் கடந்தன என்பதுதான் விந்தை! ஆனால் அதே ஆதியாகமம், பெண்ணுக்குப் பிரசவ வேதனையும் ஆணுக்கு நெற்றி வியர்வையும் என்று துன்பத்தை இரு பங்காக்கிக் கொடுக்கிறதே, அந்தப் பங்கீட்டை எண்ணிப் பார்க்கக் கத்தியும் உதவாது, படமும் உதவாது.

நம் பக்கத்திலோ துன்பத்துக்குக் காரணம் கேட்டால் முன்வினை என்ற விடை தயாராக இருக்கிறது. அந்த விடையை மிகவும் சோதித்தது, உலகம் அறிந்த ஒரு முதுகுவலி. அது புத்தர் பெருமானுடையது. கபிலவாஸ்துவில் சாக்கியர் கட்டிய புதிய மண்டபத்தில் உபதேசம் செய்துகொண்டிருந்தபோது தம் முதுகு நோகிறதென்று சொல்லி, மேற்கொண்டு பேசும்படி ஆனந்தரைப் பணித்துவிட்டு அவர் படுத்துக்கொண்டார் என்று பாளி சூத்திரம் கூறுகிறது. ஒரு மகானின் வாழ்க்கையில் இப்படிப்பட்ட செய்தியை மறைக்காமல் எழுதிவைத்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். பிற்காலத்து அபதானம் என்னும் நூல், முற்பிறவியொன்றில் மற்போரில் ஒரு மல்லனை அவர் வருத்தியதன் பலனே அந்த முதுகு நோவு என்று கணக்குத் தீர்த்தது. ஆனால் அதே பாளி மரபில், மோளிய சீவகன் என்னும் பரிவிராஜகன், மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பமெல்லாம் பழவினையின் பலன்தானோ என்று கேட்டபோது, பித்தம், சிலேஷ்மம், வாயு, பருவமாறுதல், தகாத நடை, பிறர் செய்யும் ஹிம்சை முதலியவற்றாலும் வேதனை பிறக்கிறது, வினை அவற்றுள் ஒன்று மாத்திரமே, எல்லாம் வினையே என்று சொல்பவர்கள் கண்கூடாகத் தெரிவதையும் கடந்து பேசுகிறார்கள் என்று புத்தரே விடையளித்திருக்கிறார். மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவியாகிய நாகசேனர் சொன்னதும் இதுவே. முதியோர் இல்லத்து அம்மையாரின் நாரிநோவுக்கு அந்தப் பட்டியலில் இடம் தேட வேண்டுமானால், நான் வினையிடம் போகமாட்டேன். நேரத்தைச் சிக்கனம் செய்வதற்காக அடுத்த அறையிலேயே நின்றுவிட்ட அந்தப் பொறியிடம் போவேன்.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் ஓர் அரிய கருவியை நமக்குத் தந்திருக்கிறது. நாம்தான் அதைப் புத்தகத்திலேயே விட்டுவிட்டோம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை ஆராயும்போது, காட்சியை நான்காக வகுக்கிறார்: இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி. கண் முதலிய பொறிகளால் அறிவது முதலாவது. தனக்கு நேர்ந்த இன்பதுன்பங்களை உயிர் தானே நேராக அறிவது மூன்றாவதாகிய தன்வேதனை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், தன் நோவை ஒருவன் அறிவது அனுமானம் என்றோ அபிப்பிராயம் என்றோ ஆசிரியர் ஒதுக்கவில்லை. குடத்தைக் கண்ணாற் காண்பதற்கு எந்த அந்தஸ்து உண்டோ அதே அந்தஸ்தை அதற்குக் கொடுத்து, பிரத்தியட்சங்களுள் ஒன்றாகவே வைத்திருக்கிறார். ஆனால் அது உடையவனுக்கு மாத்திரமே பிரத்தியட்சம். மற்றவர்களாகிய நமக்கு அங்கே செல்ல ஒரே வழிதான் உண்டு. நோகிறவர் சொல்வதைக் கேட்டு நம்புவது. சித்தாந்திகள் உரையளவை என்பதும் நையாயிகர் ஆப்தவாக்கியம் என்பதும் இத்தகைய வழியையே.

ஆண் பெண் பேதம் உண்மையிலேயே கொடுமையாக வந்து புகும் வாசல் இதுவென்று நான் கருதுகிறேன். எலும்பில் உள்ள பேதத்தை இயற்கை செய்தது. யாருடைய சொல்லை ஆப்தவாக்கியமாகக் கொள்வது, யாருடைய சொல்லைப் புலம்பலென்று தள்ளுவது என்னும் பேதத்தை நாமே செய்தோம். ஆண்பிள்ளை அழலாகாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட கணவர் வாய் திறப்பதேயில்லை. ஆகவே கணக்கெடுப்பில் அவர் நோவு ஏறுவதில்லை. வாய் திறந்த மனைவியின் சொல்லுக்கோ பாதி விலைதான். அவள் அந்நியதேசத்தாளாகவும் இருந்துவிட்டால் விலை இன்னும் குறையும். ஜெர்மன் பேசும் நாடுகளின் மருத்துவர் வட்டாரத்தில், இத்தாலியிலிருந்தும் துருக்கியிலிருந்தும் பால்கன் தேசங்களிலிருந்தும் வந்து உழைத்தவர்கள் உடம்பெல்லாம் நோகிறதென்று முறையிட்டால், மத்தியதரைக்கடல் வியாதி என்று பரிகாசமாகப் பெயரிடும் வழக்கம் இருந்தது. படித்தவர்களின் பரிகாசம் பாமரரின் வசவைக் காட்டிலும் ஆழமாகப் பாயும்.

இந்தச் சந்தேகம் சுவிட்சர்லாந்தில் ஒரு காலத்தில் சட்டமாகவே நின்றது. 2004ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், லூசேர்ன் நகரத்தில் அமர்ந்திருந்த கூட்டாட்சிக் காப்புறுதி நீதிமன்றம், உடலில் போதிய காரணம் காட்ட இயலாத தீராத நோவைப் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியது. அத்தகைய நோவை நோயாளி நியாயமான மனமுயற்சியால் வென்று வேலை செய்யக்கூடும் என்பதே பொது அனுமானம். சில விசேஷ நிபந்தனைகள் பொருந்தினாலன்றி இயலாமைக் காப்புறுதியின் உபகாரச் சம்பளம் இல்லை என்பது அதன் சாரம். படத்தில் தெரியும் தட்டு வழுகலுக்கு இவ்விதி பொருந்தாது. தெரியாத நோவுக்கே பொருந்தும். அதாவது, இந்திரியக் காட்சிக்கு அகப்பட்டது உண்மை; தன்வேதனைக்கு மாத்திரம் அகப்பட்டது மனத்தின் சோம்பல் என்னும் தத்துவம் பதினோரு வருஷம் அரசாண்டது. 2012இல் அமலான சட்டத்திருத்தம், இத்தகைய நோவுக்காக முன்னரே வழங்கப்பட்டிருந்த சம்பளங்களையும் மறுபரிசீலனை செய்ய இடங்கொடுத்தது. 2015 ஜூன் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றமே அந்த அனுமானத்தைக் கைவிட்டு, ஒவ்வொருவருடைய நிலைமையையும், அவரால் இன்னும் என்ன செய்ய இயலும் என்பதையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நிரூபிக்கும் பாரம் இப்போதும் நோவுடையவர்மீதே இருக்கிறது. பொய்யுரைப்பவரும் உலகத்தில் உண்டு. பொது நிதியைக் காக்க வேண்டிய நீதிபதியின் சங்கடத்தை நான் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் பொய்யர் சிலர் இருப்பதைக் காரணமாக்கி ஒரு பிரமாணத்தையே தள்ளிவிட்டால், கானல்நீரைக் கண்ட குற்றத்துக்காகக் கண்ணையே தள்ள வேண்டி வரும்.

பெண்ணுடல் எப்போது தளரும் என்பதை நிர்ணயிப்பதிலும் இந்த அரசு பலமுறை மனம் மாறியிருக்கிறது. 1948இல் முதியோர் காப்புறுதி ஏற்பட்டபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓய்வு வயது 65 என்றே இருந்தது. பெண்ணின் சரீர பலம் முந்திக் குறைகிறது என்ற நியாயமும் பேசப்பட்டு, 1957இல் அது பெண்ணுக்கு 63 ஆயிற்று. 1964இல் 62 ஆயிற்று. பிறகு 2001இல் 63, 2005இல் 64 என்று மேலே ஏறி, 2022 செப்டம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் மிகச் சிறு வித்தியாசத்தில் நிறைவேறிய தீர்மானத்தின்படி 2028இல் மறுபடியும் 65 ஆகப்போகிறது. எழுபதாண்டில் எலும்பு மாறவில்லை, கஜானா மாறியது. பெண்களுக்கு இந்நாட்டில் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்குரிமை வந்தது 1971இல். ஆகவே 1957இலும் 1964இலும் பெண்ணின் உடல் தளரும் வயதைக் குறித்தவர்கள் முழுக்க முழுக்க ஆண்கள்; தன்வேதனைக் காட்சி உடையவர் ஒருவரையும் அவர்கள் சபையில் உட்காரவைத்திருக்கவில்லை.

வினைக்கணக்குப் பார்க்கும் சமயவாதிக்கும் படக்கணக்குப் பார்க்கும் உத்தியோகஸ்தருக்கும் இங்கே ஓர் ஒற்றுமை தெரிகிறது. நோவு என்பது வேறெதற்கோ எழுதப்பட்ட ரசீது என்று இருவருமே எண்ணுகிறார்கள். ஒருவர் அதைச் சென்ற பிறவியில் தேடுகிறார். மற்றவர் படத்திலே தேடுகிறார். கிடைக்காவிட்டால் நோகிறவரைச் சந்தேகிக்கிறார்கள். கர்மக் கொள்கையை நான் கைவிட்டவனல்லன். தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பதற்கு ஒருவன் தன் வினையை நினைத்துக்கொள்வது அவனுக்குத் திடம் தரலாம். எதிரே நிற்பவளைப் பார்த்து உன் வினை என்று சொல்ல அந்தக் கொள்கை யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை. பெண்ணாய்ப் பிறந்ததே வினையின் பயன் என்று சில நூல்களிற் காணப்படும் பேச்சை நான் சாஸ்திரமாகவும் கொள்ளவில்லை.

இதற்கு ஆதாரம் வேண்டுமானால் திருஞானசம்பந்தரிடம் போகலாம். கொங்கு நாட்டிலே திருக்கொடிமாடச் செங்குன்றூரில், இன்று திருச்செங்கோடு என்று வழங்கும் அந்தத் தலத்தில், அவருடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அவர்களுள் யார் எந்தப் பிறவியில் என்ன செய்தார் என்று அவர் விசாரிக்கவில்லை. அந்த வினைக்கு இந்தத் துன்பம் என்று சொல்லிக்கொண்டு, உய்யும் வழியை நாடாமல் இருப்பது குறையல்லவா என்னும் கருத்தோடு திருநீலகண்டப் பதிகத்தைப் பாடினார், சுரம் நீங்கிற்று. அந்த மலையில் எழுந்தருளியிருப்பவர், ஒரு பாதி ஆணும் ஒரு பாதி பெண்ணுமான அர்த்தநாரீசுவரர். லூக்கா எழுதிய சுவிசேஷத்திலும், பதினெட்டு வருஷம் நிமிர முடியாமற் கூனியாயிருந்த ஒரு பெண்ணை இயேசு ஓய்வுநாளில் ஜெபாலயத்தில் நிமிரச் செய்ததாக ஒரு வரலாறு இருக்கிறது. அவளுடைய பாவம் என்னவென்று அவரும் கேட்கவில்லை. ஓய்வுநாளில் இது தகுமா என்று சினந்தவர் ஜெபாலயத் தலைவர்தான். விதியைக் காப்பவர்களுக்கு வளைந்த முதுகு கண்ணிற் படுவதில்லை என்பது எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான குறை போலும்.

பேர்ன் நகரத்தில் 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட பல்சமய இல்லத்தில் அமைந்த சைவநெறிக்கூடத்தின் கோயிலில், பெண்களும் தீட்சை பெற்றுத் தமிழில் பூசனை செய்கிறார்கள். கருவறையில் குனிந்து நிமிரும் முதுகு இனி ஆணுடையது மாத்திரம் அன்று. இத்தனை பெரிய மாற்றத்துக்கு மனம் இசைந்த சமூகம் இன்னும் சில சிறிய மாற்றங்களுக்கும் இசையலாம். இந்நாட்டுக் கோயில்களின் பரிபாலன சபையாருக்கு நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் இதுதான். அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கும் பெண்கள் தரையில் குந்தியிருந்து மணிக்கணக்காகக் குனிய வேண்டாதபடி இடுப்பளவு உயரத்தில் மேசை போடுங்கள். சோற்றுக் கிடாரத்தை இரண்டு இளைஞர் மூச்சுப் பிடித்துத் தூக்குவதை வீரமென்று மெச்சாமல், அதற்குச் சக்கரம் வைத்த வண்டி ஒன்று வாங்குங்கள். அடியழிக்க நேர்ந்துகொண்ட பெண் தன் நாரி நோகிறதென்று சொன்னால், நேர்த்தியைக் கைகூப்பி நின்றே நிறைவேற்றலாம் என்று குருக்கள் வாயால் அறிவிக்கச் செய்யுங்கள். அங்கப் பிரதட்சணம் செய்யும் ஆணுக்கும் அந்தச் சலுகையைச் சொல்லுங்கள், ஏனெனில் அவர் தாமாகக் கேட்கமாட்டார். எப்படி நோகிறது என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே நம்புங்கள்.